டக்ட்டின் சாவி யாரிடம் இருக்க வேண்டும்?

ஹொரமாவில் நாங்கள் குடியிருக்கும் அப்பார்ட்மென்ட்டில் 84 வீடுகள். வருகிற ஞாயிற்றுக்கிழமை ஜெனரல் பாடி. டேங்கர் தண்ணீர் பாக்கி, லிஃப்ட் பராமரிப்பு, மொட்டை மாடியில் துணி காயப்போடும் தகராறு, இவற்றுக்கு அடுத்து நான்காவதாக 'இன்டர்நெட் ஒப்பந்தம்'. அதை அலசி ஒரு குறிப்பு எழுதித் தரும் வேலை என் தலையில் விழுந்தது. நான் பார்ப்பது சம்பளக் கணக்கு மென்பொருள். ஆனால் "நீங்க ஐடிதானே சார்" என்று சொல்லிவிட்டால் பெங்களூரில் அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

விஷயம் இதுதான். ஓர் இணைய நிறுவனம் எங்களைத் தேடி வந்திருக்கிறது. எல்லா மாடிக்கும் புது ஃபைபர் இழுத்துத் தருவார்களாம். கிளப்ஹவுஸ் வைஃபையும் கேட் கேமராக்களுக்கான இணைப்பும் இலவசம். போதாததற்கு வருடம் 60,000 ரூபாய் அசோசியேஷன் கணக்கில் போடுவார்கள். பதிலுக்கு ஐந்து வருடத்துக்கு வேறு எந்த நிறுவனத்துக்கும் நாங்கள் டக்ட்டை, அதாவது கம்பிகள் மாடிக்கு மாடி ஏறும் ஷாஃப்ட்டை, திறந்துவிடக் கூடாது. டேங்கர் பில்லோடு தொலைந்திருந்த சிரிப்பு பொருளாளர் முகத்தில் அன்று திரும்பி வந்தது.

இரண்டாவது வழி, இப்போது இருப்பதை அப்படியே விட்டுவிடுவது. யார் வேண்டுமானாலும் வரலாம், டிரில்லரால் சுவரைத் துளைக்கலாம், கம்பியை இழுத்துக்கொண்டு போகலாம். எங்கள் ஷாஃப்ட்டைத் திறந்து பார்த்தால் இடியாப்பம் பிழிந்த மாதிரி இருக்கும். எது உயிரோடு இருக்கும் கம்பி, எது 2019-லேயே செத்தது என்று கேபிள்காரருக்கே தெரியாது.

மூன்றாவது வழியைச் சொன்னவர் எங்கள் முதல் மாடித் தாத்தா. தூரவாணி நகர் ஐடிஐ-யில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 1948-ல் தொடங்கிய அந்தத் தொலைபேசித் தொழிற்சாலையைச் சுற்றித்தான் இந்தப் பக்கத்தில் எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள் வேர் விட்டன. "கம்பிய நாமே போட்டுக்கலாம் தம்பி" என்றார். அடித்தளத்தில் ஒரு ராக், அதாவது இணையக் கருவிகளை அடுக்கும் இரும்புச் சட்டம். அங்கிருந்து ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு இழை ஃபைபர். கம்பி அசோசியேஷனுடையது. எந்த நிறுவனமும் தெருவிலிருந்து ராக் வரை வரலாம். எந்த வீடு யாரைக் கேட்கிறதோ, அந்த வீட்டின் இழையில் அவர்களைச் செருகினால் முடிந்தது. வாங்கிய மதிப்பீட்டின்படி வீட்டுக்கு ஒரே தடவை 4,200 ரூபாய்.

மூன்றையும் வரிசையாக எழுதிப் பார்த்தபோதுதான், நாடு பத்து வருடத்துக்கு முன்னால் போட்ட சண்டை நினைவுக்கு வந்தது. 'நெட் நியூட்ராலிட்டி' என்றும் 'இணையச் சமத்துவம்' என்றும் அப்போது டீக்கடை வரை பேசினார்கள். எந்தத் தளத்துக்குப் போனாலும் இணையம் தருபவர் விலையிலும் வேகத்திலும் பாகுபாடு காட்டக் கூடாது என்பதுதான் அது. அன்று கேள்வி கம்பிக்குள் ஓடுவதைப் பற்றியது. எங்கள் கேள்வி கம்பியைப் பற்றியது. ஒன்றை விட்டுவிட்டு மற்றதை முடிவு செய்ய முடியாது என்பது என் கட்சி. அதனால் குறிப்பு கொஞ்சம் நீண்டுவிட்டது.

கம்பிக்குள் என்ன நடந்தது

2014 டிசம்பரில் ஏர்டெல், இணையம் வழியே பேசும் அழைப்புகளுக்குத் தனிக் கட்டணம் என்று அறிவித்தது. எதிர்ப்பு கிளம்பியதும் சில நாட்களிலேயே பின்வாங்கியது. 2015 மார்ச்சில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் ஒரு கலந்தாய்வு அறிக்கை வெளியிட, பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மின்னஞ்சல்கள் அங்கே போய்க் குவிந்தன. ஏப்ரலில் 'ஏர்டெல் ஜீரோ' வந்தது: செயலியை நடத்துபவர் காசு கொடுத்தால் வாடிக்கையாளருக்கு அந்தச் செயலியின் டேட்டா இலவசம். அதில் சேரப் பேசிக்கொண்டிருந்த, நம்ம ஊர் ஃபிளிப்கார்ட் எதிர்ப்பைப் பார்த்து விலகிக்கொண்டது.

அந்த ஜூனிலேயே பெங்களூரு நிரலாளர் ஒருவர் இன்னொன்றைக் கண்டுபிடித்தார். ஏர்டெல் 3ஜி வழியே தன் வலைப்பக்கத்தைத் திறந்தால், தான் எழுதாத ஒரு நிரல் அதில் செருகப்பட்டிருந்தது. டேட்டா பயன்பாட்டை வாடிக்கையாளருக்குக் காட்டுவதற்கான ஏற்பாடு என்றது நிறுவனம். கண்டுபிடித்தவருக்கோ அந்தக் கருவியைத் தயாரித்த இஸ்ரேல் நிறுவனத்தின் சார்பில் வக்கீல் நோட்டீஸ் வந்தது. தண்ணீர் கொண்டுவரும் லாரிக்காரர் வழியிலேயே அதில் எதையோ கரைத்தால் எப்படி இருக்கும், அப்படி. இன்று பெரும்பாலான தளங்கள் பூட்டிய உறையில் வருகின்றன. உள்ளே கைவைப்பது கடினம். ஆனால் உறையின் மேல் எழுதிய முகவரி, அதாவது நீங்கள் எந்தத் தளத்துக்குப் போகிறீர்கள் என்பது, இணையம் தருபவருக்குத் தெரியும். ஒன்றை வேகமாகவும் ஒன்றை மெதுவாகவும் விட அது போதும்.

அடுத்து வந்ததுதான் பெரிய சண்டை. ஃபேஸ்புக்கின் 'ஃப்ரீ பேசிக்ஸ்'. தேர்ந்தெடுத்த சில தளங்கள் மட்டும் ஏழைக்கு இலவசம். இதைச் சும்மா எள்ளி ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. டேட்டா விலை அன்று இருந்த நிலையில், ஒன்றுமே இல்லாதவனுக்குக் கொஞ்சமாவது கிடைக்கட்டுமே என்ற வாதத்தில் நியாயம் இருந்தது. இன்ஃபோசிஸ் நிறுவனர்களில் ஒருவரான நந்தன் நிலேகணி வேறு வழி சொன்னார்: காசு கொடுக்க வேண்டுமானால் எரிவாயு மானியம் போல டேட்டாவையே மக்கள் கையில் கொடுங்கள், எங்கே போவது என்பதை அவர்கள் முடிவு செய்யட்டும்.

2016 பிப்ரவரி 8-ம் தேதி டிராய் ஒரே வெட்டாக வெட்டியது. உள்ளடக்கத்தைப் பார்த்து டேட்டாவுக்கு வெவ்வேறு விலை வைக்கக் கூடாது. மீறினால் நாளுக்கு 50,000 ரூபாய், அதிகபட்சம் 50 லட்சம். ஏழைக்கான கதவு மூடிவிட்டது என்று புலம்பியவர்கள் பலர். அந்தச் செப்டம்பரில் ஜியோ வந்தது. டேட்டா விலை தரையைத் தொட்டது. விலை இறங்கியது போட்டியால். பாகுபாட்டை அனுமதித்திருந்தால்தான் இறங்கியிருக்கும் என்று இனி யாரும் சொல்ல முடியாது.

விலைக்கு வேலி போட்டாயிற்று, வேகத்துக்கு? அது 2018-ல் உரிம நிபந்தனையாக வந்தது. தடுப்பது, மெதுவாக்குவது, ஒன்றுக்கு மட்டும் முன்னுரிமை கொடுப்பது, எதுவும் கூடாது. நெரிசலைச் சமாளிக்க ஏதாவது செய்தே ஆக வேண்டுமென்றால் அது அளவோடு, தற்காலிகமாக, வெளிப்படையாக இருக்க வேண்டும். அரசோ நீதிமன்றமோ தடுக்கச் சொன்னால் அது வேறு கணக்கு.

இதில் பலர் குழப்பிக்கொள்ளும் ஒன்று உண்டு. பிராட்பேண்ட் திட்டத்தோடு ஓடிடி சந்தாவைச் சேர்த்துக் கொடுக்கிறார்களே, அது தப்பில்லையா என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்டார். தப்பில்லை. சந்தாவைப் பரிசாகக் கொடுக்கலாம். அந்த ஓடிடியின் டேட்டாவை மட்டும் கணக்கில் எடுக்காமல் விடுவதுதான் தடை. வெங்காயம் வாங்கினால் கறிவேப்பிலை கொசுறு கொடுக்கும் கடைக்கும், ஒரு சாதிக்காரருக்கு மட்டும் வெங்காயத்தைப் பாதி விலைக்கு விற்கும் கடைக்கும் உள்ள வேறுபாடு.

மற்ற ஊர்களில் எப்படி

நம்முடைய வழிக்கு மாற்றாக மூன்று வழிகளை உலகம் சோதித்துப் பார்த்துவிட்டது.

ஐரோப்பா ஒவ்வொரு புகாராகப் பார்த்து முடிவெடுத்தது. 2016 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த அவர்களுடைய சட்டம் இலவச டேட்டா திட்டங்களை ஒரேயடியாகத் தடை செய்யவில்லை. ஜெர்மனியில் டாய்ச்ச டெலிகாம் நிறுவனம் 2017-ல் தொடங்கிய 'ஸ்ட்ரீம்ஆன்' திட்டத்தில் குறிப்பிட்ட பாட்டு, வீடியோ செயலிகளின் டேட்டா எண்ணப்படாது. வழக்கு, மேல்முறையீடு, ஐரோப்பிய நீதிமன்றத்தின் 2020, 2021 தீர்ப்புகள் என்று இழுத்து, 2022-ல்தான் ஒழுங்குமுறை ஆணையம் அதை மூடச் சொன்னது. நாம் ஒரே நாளில் போய்ச் சேர்ந்த இடத்துக்கு ஐந்து வருடம் சுற்றி வந்திருக்கிறார்கள். நுணுக்கமாக யோசிப்பவர்களுக்கு அந்த வழி பிடிக்கும். எனக்கும் ஒரு காலத்தில் பிடித்திருந்தது. ஆனால் அந்த ஐந்து வருடத்தில் பட்டியலில் இடம் கிடைக்காத சின்னச் செயலிக்காரர் கடையைக் கட்டியிருந்தால் தீர்ப்பை வைத்து என்ன செய்வார்?

அமெரிக்காவின் கதை எங்கள் அசோசியேஷன் கதை. கமிட்டி மாறினால் பார்க்கிங் இடம் மாறும். 2015-ல் இணையத்தைத் தொலைபேசி போலப் பொதுச் சேவையாக வகைப்படுத்தினார்கள். 2017-ல் ரத்து செய்தார்கள். 2024 ஏப்ரலில் மீண்டும் கொண்டுவந்தார்கள். 2025 ஜனவரி 2-ம் தேதி மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று அதைத் தள்ளுபடி செய்தது. விதி இல்லாத காலத்தில் வானம் இடிந்துவிடவில்லை என்பதைச் சிலர் சுட்டுவார்கள். அது உண்மைதான். கலிபோர்னியா போன்ற மாநிலங்கள் தங்களுக்கென்று சட்டம் போட்டு வைத்திருந்தன என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதைவிட எங்களுக்கு வேண்டிய செய்தி வேறு. அதே அமெரிக்கா, அடுக்ககங்களுக்குள் ஒரே நிறுவனத்துக்கு மட்டும் அனுமதி என்ற ஒப்பந்தங்களை 2008-லேயே தடுத்தது. அதைச் சுற்றி வளைத்துச் செய்துகொண்டிருந்த பிரத்யேக வருவாய்ப் பங்கு ஒப்பந்தங்களுக்கும் 2022-ல் பூட்டுப் போட்டது. எங்களிடம் இப்போது வந்திருக்கும் தாள் அங்கே செல்லாது.

தென் கொரியா போனது இன்னொரு வழி: டேட்டாவை அனுப்புகிறவர் காசு கொடுக்க வேண்டும். 2016-ல் நிறுவனங்களுக்கு இடையே அப்படி ஒரு கணக்கு முறை வந்தது. அங்குள்ள இணைய நிறுவனமான எஸ்.கே. பிராட்பேண்டும் நெட்ஃபிளிக்ஸும் வருடக்கணக்கில் கோர்ட்டில் மல்லுக்கட்டி 2023 செப்டம்பரில் சமரசமானார்கள். விளையாட்டு ஒளிபரப்புத் தளமான ட்விட்ச், அங்கே நெட்வொர்க் கட்டணம் மற்ற நாடுகளைவிடப் பத்து மடங்கு என்று சொல்லி 2024 பிப்ரவரியில் கொரியாவைவிட்டே போய்விட்டது. நம் நாட்டுத் தொலைத்தொடர்பு நிறுவனங்களின் சங்கமும் பெரிய ஓடிடிகள் 'நியாயமான பங்கு' தர வேண்டும் என்று கேட்டுவருகிறது. கோபுரம், ஃபைபர், அலைக்கற்றை எல்லாம் எங்கள் காசு, லாபம் அவர்களுக்கா என்ற ஆதங்கம் புரிகிறது. ஆனால் நெட்ஃபிளிக்ஸ் எங்கள் வீட்டுக்குள் தானாக வந்து ஏறிக்கொள்வதில்லை. நான் கேட்டதால் வருகிறது. கேட்டதற்காக மாதாமாதம் 18 சதவீத ஜிஎஸ்டியோடு கட்டியிருக்கிறேன். ஒரே பயணத்துக்கு இரண்டு பக்கமும் டிக்கெட் கிழிக்கிற கண்டக்டரை நான் இன்னும் பார்க்கவில்லை.

ஆக, கம்பிக்குள் நம் நாட்டு விதிதான் நான்கிலும் தெளிவானது. இதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஓட்டைகள் இல்லாமல் இல்லை. பெரிய நிறுவனங்கள் தங்கள் படங்களின் நகலை இணைய நிறுவனத்தின் கட்டடத்துக்குள்ளேயே ஒரு பெட்டியில் வைத்துக்கொள்கின்றன. அந்த ஏற்பாட்டை நம் விதி தொடவில்லை. அதனால் முன்னுரிமை வாங்காமலே அவர்கள் வீடியோ முந்தி வரும். அதையும் தடுத்தால் எல்லார் வீடியோவும் சுற்றும் என்பதால், அது அப்படியே இருக்கட்டும் என்றுதான் தோன்றுகிறது.

வாசல்வரை வந்த கம்பி

இனி எங்கள் டக்ட். இணைய நிறுவனங்களின் கட்டணத்தை டிராய் நிர்ணயிப்பதில்லை. போட்டி பார்த்துக்கொள்ளும் என்று விட்டிருக்கிறது. 2024 மார்ச்சில் தண்ணீர்ப் பஞ்சம் வந்தபோது மாவட்ட நிர்வாகம் ஐந்து கிலோமீட்டருக்குள் 12,000 லிட்டர் டேங்கருக்கு 1,000 ரூபாய் என்று விலை கட்டியதே, இணையத்துக்கு அப்படி யாரும் கட்ட மாட்டார்கள். போட்டிதான் காவல். அந்தக் காவல்காரரை நாமே கேட்டுக்கு வெளியே நிறுத்தினால்?

ஒரே நிறுவன ஒப்பந்தத்தைப் பொருளாளரோடு உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். வருடம் 60,000 என்பது வீட்டுக்கு மாதம் 60 ரூபாய்கூட இல்லை. இரண்டாவது வருடம் அவர்கள் திட்டத்தில் 100 ரூபாய் ஏற்றினால் வரியோடு 118. நம் பணத்திலிருந்து பாதியை நமக்கே பரிசாகக் கொடுத்துப் பொன்னாடை போர்த்துகிறார்கள். "ஏத்த மாட்டாங்க சார்" என்றார் அவர். ஏற்ற மாட்டோம் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி போடச் சொல்லிக் கேட்டேன். நிறுவனத்தின் ஆள் "கம்பெனி பாலிசி" என்று சிரித்தார்.

இன்னொன்று, வீட்டிலிருந்து வேலை பார்க்கிறவர்கள் இங்கே ஏராளம். ஒரு லைன் போனால் இன்னொரு நிறுவன லைன் என்று இரண்டு வைத்திருக்கும் வீடுகளே பதினொன்று. தெருவில் மரத்துக்கு மரம் தொங்கும் கேபிளை அறுத்துவிட்டுப் போகிற ஊரில் இது ஆடம்பரம் இல்லை.

இப்படியே விட்டுவிடும் இரண்டாவது வழியில் போட்டி இருக்கிறது, ஆனால் அது கூச்சலாக இருக்கிறது. முதலில் வந்தவர் டக்ட்டை அடைத்துவிட்டால் மூன்றாமவருக்கு இடமில்லை. அப்போது எழுதாத ஒப்பந்தமாக அதே ஏகபோகம் வந்துவிடும். கட்டடத்துக்குள் வசதிகளைப் பகிர வேண்டும், பிரத்யேக ஒப்பந்தம் கூடாது என்று டிராய் 2017 ஜனவரியிலேயே பரிந்துரைத்தது. 2024 அக்டோபரில் கட்டடங்களின் இணைய வசதிக்கு நட்சத்திர மதிப்பீடு கொடுக்கும் விதிமுறையும் வந்திருக்கிறது. வீடு விற்கும்போது அந்த நட்சத்திரம் உதவும் என்று இரண்டாம் மாடிக்காரர் உற்சாகமாகிவிட்டார். எது எப்படியோ, ஓர் ஓட்டு சேர்ந்தது.

தாத்தா சொன்ன வழிக்கு நல்ல முன்மாதிரி சிங்கப்பூர். அங்கே வீட்டுக்கு வரும் ஃபைபர் ஒரு நிறுவனத்துடையது. இணையம் விற்பவர்கள் வேறு பலர். செங்காங்கில் இருக்கும் என் சித்தி மகள் மூன்று தடவை நிறுவனம் மாறியிருக்கிறாள். சுவரில் ஒரு துளைகூடப் புதிதாக விழவில்லை. பிரிட்டனில் 2006-ல் பிடி என்ற தொலைபேசி நிறுவனத்துக்குள்ளேயே 'ஓப்பன்ரீச்' என்ற தனிப்பிரிவை உண்டாக்கி, எல்லாருக்கும் ஒரே நிபந்தனையில் கம்பியைக் கொடுக்கச் சொன்னார்கள். கம்பியை வைத்திருப்பவருக்குக் கம்பிக்குள் ஓடுவதில் சொந்தக் கடை இல்லையென்றால், பாகுபாடு காட்டுவதில் அவருக்கு என்ன லாபம்?

சிக்கலும் இருக்கிறது. இரவு பதினோரு மணிக்கு லைன் போனால் நிறுவனம் "உங்க ஒயர்" என்னும், நாம் "உங்க பெட்டி" என்போம். கம்பி வைத்திருப்பவருக்கு அதைப் புதுப்பிக்க அவசரம் இருக்காது என்பது இந்த முறைக்கு எதிரான பழைய வாதம். எங்கள் அசோசியேஷன் ஒரு மோட்டார் மாற்ற எட்டு மாதம் எடுத்துக்கொண்டதை நினைத்தால் அதை மறுக்க வாய் வரவில்லை. அசோசியேஷனே மொத்தமாக இணையம் வாங்கி வீடுகளுக்கு விற்கலாமே என்று ஒருவர் கேட்டார். அதற்கு உரிமம் வேண்டும். நம் கையில் இருக்க வேண்டியது கம்பி மட்டும்.

புகார் எங்கே போகும் என்பதையும் பார்த்தேன். டிராய் தனிமனிதரின் புகாரை எடுத்துக்கொள்ளாது. முதலில் நிறுவனத்தின் புகார் மையம், பிறகு அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரி. நுகர்வோர் நீதிமன்றம் போகலாம் என்பதை உச்ச நீதிமன்றம் 2022-ல் உறுதி செய்திருக்கிறது. டெல்லியில் இருக்கும், தொலைத்தொடர்புத் தகராறுகளைத் தீர்க்கும் டிடிசாட் தீர்ப்பாயத்துக்கோ தனிமனிதர் போக முடியாது, 'நுகர்வோர் குழு' போகலாம். 84 வீடுகள் சேர்ந்தால் அது ஒரு குழு. முதல் வழியில் கையெழுத்துப் போட்டுவிட்டு, வருடம் 60,000 வாங்கிக்கொண்டு, அதே நிறுவனத்தின் மேல் வழக்குப் போட எந்தச் செயலாளருக்கு மனம் வரும் என்று மட்டும் குறிப்பில் கேட்டிருக்கிறேன்.

என் ஓட்டு மூன்றாவது வழிக்கு, சில நிபந்தனைகளோடு. பராமரிப்பை ஆண்டு ஒப்பந்தமாக வெளியாளுக்கு விட வேண்டும். ராக்கில் எந்த நேரமும் குறைந்தது மூன்று நிறுவனங்களுக்கு இடம் ஒதுக்க வேண்டும். எல்லாருக்கும் ஒரே வாடகை. 4,200 ரூபாய் ஒரேயடியாகக் கொடுக்கச் சிரமப்படும் வீடுகளுக்கு ஆறு தவணை. வந்திருக்கும் அந்த நிறுவனமும் தாராளமாக வரட்டும், நான்கு பேரில் ஒருவராக.

குறிப்பை முதலில் தாத்தாவுக்குத்தான் படித்துக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "ஒரே கடை இருந்த காலத்துல நாங்க செஞ்ச போனுக்கு ஊரே வருஷக்கணக்குல வரிசையில நின்னுச்சு தம்பி. எங்களுக்கு அது பெருமையா இருந்துச்சு. நின்னவங்களுக்கு எப்படி இருந்துச்சுன்னு நாங்க கேக்கவே இல்ல."

பொருளாளர் இன்னும் இறங்கி வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை 43 கைகள் வேண்டும், இதுவரை எண்ணியதில் 37. அதுவரை ஷாஃப்ட் அறையின் சாவி, பம்ப் அறைச் சாவியோடு ஒரே வளையத்தில், செக்யூரிட்டி மேசைக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது.